நீலக்குறி போட்ட பன்னிரண்டு முட்டைகள்

நேற்றுக் காலை பதினொரு மணிக்குச் செத்துப்போன ஏழாம் நம்பர் முட்டை, இன்று காலை பதினொரு மணிக்கு உயிரோடு இருந்தது.

மாரித்தாய் முதலில் முட்டையைச் சந்தேகப்படவில்லை. விளக்கைச் சந்தேகப்பட்டாள். தகர டப்பாவுக்குள் பல்பை மாட்டி, மூடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை போட்ட விளக்கு அது. ஓட்டையின் மேல் முட்டையை உட்காரவைத்தால் ஓடு முழுக்கச் சிவந்து, உள்ளே வளர்கிற கரு நிழலாகத் தெரியும். உயிருள்ள கருவென்றால் சிவப்பு நரம்புகள் வேப்பங்கிளைபோல விரிந்திருக்கும், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு துள்ளும். செத்த கருவென்றால் நரம்பு வெளுத்துப்போய், பொட்டு ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். இதைப் பார்த்துச் சொல்லப் படிப்பு வேண்டாம், கண் போதும். மாரித்தாயின் கண்ணோ, இருபத்திரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வாணவெடிக்குள் வைக்கிற கலர் உருண்டை உருட்டிய கண். கடுகு மூட்டைக்குள் ஒரேயொரு கேழ்வரகைப் போட்டு வைத்தால், மூட்டையை அவிழ்க்காமலே கண்டுபிடித்துவிடும்.

பல்பைத் துடைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மறுபடி வைத்தாள். நரம்புகள் விரிந்திருந்தன. பொட்டு துள்ளியது. ஓட்டின் மேல், அவளே நேற்றுப் பென்சிலால் போட்ட பெருக்கல் குறி, செத்ததற்கு அடையாளமாக, கறுப்பாக நின்றது.

வெளியே திருத்தங்கல் வெயில் தார் ரோட்டைப் பாயசமாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே, மூடிப்போன அந்த அச்சாபீஸின் இருட்டறையில், ஒருகாலத்தில் காலண்டர் படங்களுக்கு பிலிம் கழுவிய அந்த அறையில், இருட்டு அம்புட்டுக் கெட்டி. வெட்டியெடுத்துத் தார்ப்பாய் என்று விற்றால் நாலு லாரிக்கு லோடு ஏற்றலாம். முட்டை பார்க்க இருட்டு வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அறையையே தேர்ந்தெடுத்திருந்தான் ஸ்ரீராம்குமார்.

அச்சாபீஸ் அவன் குடும்பத்துச் சொத்து. அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி, பிள்ளைக்குக் கால்நடை மருத்துவப் படிப்பு. வாணவெடியில் நீலம் தெறிக்க வைக்கிற செம்பு உப்பை எடுத்து, அதோடு ஆறேழு சாமான் சேர்த்துக் காய்ச்சி, கோழிகளைக் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போகிற வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்கு மருந்து கண்டுபிடித்தே தீருவேன் என்று ஒரு வருஷமாக நின்றான். உதவிக்கு மாரித்தாயை வைத்துக்கொண்டான். அவன் ஊசி போடுவான்; அவள் தினமும் முட்டை பார்த்து நோட்டில் எழுதுவாள்.

சோதனை எளிது. கரு வளர்கிற முட்டை முப்பத்தாறு. சிவப்புக்குறி போட்ட பன்னிரண்டில் வைரஸ் மட்டும். நீலக்குறி போட்ட பன்னிரண்டில் வைரஸோடு மருந்தும். குறியில்லாத பன்னிரண்டில் வெறும் உப்புத் தண்ணீர். சிவப்பு சாகும், குறியில்லாதது பிழைக்கும், அதில் சந்தேகமில்லை. நீலம் பிழைத்தால் மருந்து ஜெயித்தது. செத்தால் தோற்றது.

நேற்று, புதன்கிழமை, சிவப்பு பன்னிரண்டும் செத்தன. நீலம் பன்னிரண்டும் செத்தன. ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை பார்த்து, ஓட்டில் பெருக்கல் குறி போட்டு, நோட்டில் ‘சாவு’ என்று எழுதி, மதுரைக்குப் போயிருந்த ஸ்ரீராம்குமார் வந்து பார்க்கட்டும் என்று இன்குபேட்டரிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இன்று சிவப்பு பன்னிரண்டும் செத்தபடியே கிடந்தன. லேசாக நாறக்கூட ஆரம்பித்திருந்தன, ஒழுங்கான பிணங்களைப்போல. நீலத்தில் ஏழாம் நம்பர் துள்ளியது. எட்டு துள்ளியது. ஒன்பது. பத்து. பன்னிரண்டையும் பார்த்து முடிக்கையில் இருட்டறைக்குள் அவளுடைய மூச்சு மட்டும் கொல்லன் துருத்திபோலக் கேட்டது.

மதுரையிலிருந்து திரும்பியிருந்த ஸ்ரீராம்குமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விளக்கை அவளிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, ஒவ்வொரு முட்டையையும் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

“அக்கா, நேத்து ஒங்களுக்குக் கண்ணு சொக்கிருச்சு. பன்னெண்டும் பொழச்சிருக்கு.”

“பொழைக்கல தம்பி. செத்துட்டு வந்திருக்கு.”

“செத்தது எப்படிக்கா வரும்?”

“அதைத்தான் நானும் கேக்கேன்.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, பன்னிரண்டு ஓட்டிலும் இருந்த பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தான். நோட்டில் அவளுடைய ‘சாவு’களை அடித்துவிட்டு ‘உயிர்’ என்று எழுதினான். மாரித்தாய்க்கு அதுவரை பயம்தான் இருந்தது. அந்த ரப்பரைப் பார்த்ததும் பயத்தின் மேல் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனியில் அவள் எண்ணிக் கொடுத்த உருண்டைகளை இரண்டாவது ஆள் எண்ணியதில்லை. நான் செத்தது என்று சொன்னால் செத்ததுதான், எமனே வந்தாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் குறி போட வேண்டும் என்கிற மாதிரி நின்றாள்.

அவன் அதற்குள் போனில் இருந்தான். மறுமுனையில் கனகசபாபதி, காரியாபட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற அண்ணாச்சி. போன சீசனில் வெள்ளைக்கழிச்சலில் பண்ணையே காலியாகி, இப்போதுதான் நாலாயிரம் குஞ்சு புதிதாக இறக்கியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து விடுவது என்று பேசி முடிந்தது. மனுஷர் வாயில் போகிற கோழியாச்சே, இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கக் கூடாதா என்று மாரித்தாய் கேட்டாள். முட்டையே சாட்சி சொல்கிறது, அதற்கு மேல் யார் சொல்ல வேண்டும் என்றான் ஸ்ரீராம்குமார்.

சரி, முட்டையிடமே கேட்போம் என்று தீர்மானித்தாள் மாரித்தாய்.

எந்தச் சோதனை முடிந்தாலும் முட்டைகளை ஓர் இரவு பிரிட்ஜில் வைப்பது வழக்கம். அந்தக் குளிரில் எப்பேர்ப்பட்ட கருவும் அடங்கிவிடும். அதன்பிறகுதான் உடைத்து, உள்ளே இருக்கிற நீரைச் சோதனைக்கு எடுப்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் நீலத்தில் நாலு முட்டைகளை எடுத்துப் பிரிட்ஜில் வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை அவற்றை வெளியே எடுத்தபோது ஓடு பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. இருட்டறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, பழைய மையும் மண்ணெண்ணெயும் கலந்து சுவரில் ஊறிப்போயிருந்த வாசனைக்கு நடுவே, விளக்கின் மேல் முதல் முட்டையை வைத்துவிட்டு அவள் குனிந்தபோது, தகர டப்பாவிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது.

டொக்.

பல்பின் சூட்டில் தகரம் நெளிகிறது என்று நினைத்து விளக்கை அணைத்தாள். இருட்டு வந்து மூஞ்சியில் ஒட்டிக்கொண்டது.

டொக்.

தகரம் இல்லை. முட்டை. மற்ற மூன்று முட்டைகளும் அதே நொடியில், அதே சத்தம். அடுத்த அறையில் இன்குபேட்டருக்குள் இருந்த எட்டும் அதே நொடியில். இரண்டு கதவுகளைத் தாண்டி அது கேட்டது. பன்னிரண்டு முட்டைகள், ஒரே அடி. நடுவில் ஒரு பெரிய இடைவெளி; மூன்று மூச்சு விடலாம் அந்த இடைவெளியில். பிறகு மறுபடி டொக்.

மணிக்கட்டில் தன்னுடைய நாடியும் மெதுவாக அந்தத் தாளத்துக்குப் போகப் பார்ப்பதை மாரித்தாய் உணர்ந்தாள். போ அங்கிட்டு, என்று அதட்டி, விடுவிடுவென்று நாற்பது அடி நடந்து நாடியைத் தன் வழிக்கு இழுத்துக்கொண்டாள்.

பிறகு வெளிச்சத்துக்கு வந்து முட்டையை உடைத்தாள்.

ரத்தம் இல்லை. நரம்புகளில் வடிகஞ்சி மாதிரி ஏதோ வெளுத்து நின்றது. விளக்கு வெளிச்சம்தான் அதைச் சிவப்பாகக் காட்டி ஏமாற்றியிருந்தது. நாற்றமும் இல்லை. அழுகிய வாடையோ, பச்சைக் கவிச்சியோ, எதுவும் இல்லை. மழையில் நனைந்த புஸ்வாணத்தின் வாசனை மட்டும் இருந்தது. கரு கிண்ணத்தில் கிடந்தது. தோல் சாம்பல். கண் மேல் பூஞ்சை மாதிரி படலம். செத்து இரண்டு நாள் ஆன உடம்பு. அதைச் சொல்ல டாக்டர் வேண்டாம். அந்த உடம்பின் நெஞ்சுக்குள், கம்பு மணி அளவில், இதயம் அடித்தது.

இடுக்கியால் அந்த இதயத்தை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தாள்.

அடித்தது.

உப்பைக் கொட்டினாள். அடித்தது. பிணத்தைப் பதப்படுத்துகிற பார்மலினை ஊற்றினாள். அடித்தது. ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். அதற்கு ரத்தம் வேண்டாம். உடம்பு வேண்டாம். யாரும் வேண்டாம். இன்குபேட்டரில் இருந்த எட்டோடு தாளம் தப்பாமல் அடித்தது.

எழுந்து நோட்டை எடுத்தாள். ‘உயிர்’ என்று அவன் எழுதியிருந்த பன்னிரண்டு இடத்திலும், பேனாவால், தாள் கிழிய, ‘சாவு’ என்று எழுதினாள்.

ஸ்ரீராம்குமார் மருந்தை எடுத்துக்கொண்டு முந்தின நாளே காரியாபட்டிக்குப் போய்விட்டிருந்தான். ஏழு தடவை போன் அடித்தாள். எட்டாவது தடவை எடுத்தவன், ஆளும் பேருமாகக் குஞ்சுகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருக்கிறோம், எதுவானாலும் திங்கட்கிழமை பேசலாம் என்று வைத்துவிட்டான். சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு வருகிற திங்கட்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அணைந்த போனிடம் கேட்டாள் மாரித்தாய்.

மறுநாள் விடிந்ததும், எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அந்தக் கண்ணாடித் தட்டை வைத்து மூடி, துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். விருதுநகரில் இறங்கி, மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டி போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட். பஸ்ஸில் ஆட்டோடும் அண்டாவோடும் பாதி ஜில்லா ஏறியிருந்தது. எஞ்சின் இரைந்தது, பாட்டுப் பெட்டி அலறியது. அத்தனைக்கும் அடியில், அவள் மடியில், டொக்.

பக்கத்து சீட்டு அம்மாள் துண்டை உற்றுப் பார்த்தாள்.

“என்னத்தா அது, கடியாரமா?”

“ஆமா. நிக்க மாட்டேங்குது.”

“பழைய கடியாரமெல்லாம் அப்படித்தான் தாயி, ஒழைக்கும்,” என்று பாராட்டிவிட்டு அந்த அம்மாள் தூங்கிப்போனாள். அவள் தொண்டைக்குழியில் நாடி துடிப்பது தெரிந்தது. மாரித்தாய் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாக்ஸின் தாளத்தோடு அது சேருவதற்குள் இறங்கிவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் பதைத்தது. பாக்ஸை முழங்காலுக்கு மாற்றி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பண்ணையை அடைந்தபோது மணி ஒன்பது நாற்பது. ஒரு பர்லாங்குக்கு முன்பே குஞ்சுகளின் கத்தல் கேட்டது. மருந்துத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்பதற்காக இரண்டு மணி நேரமாகத் தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாலாயிரம் தொண்டைகளும் சேர்ந்து கத்திய கத்தலில் கொட்டகையின் தகரக் கூரை பத்தடி எழும்பி உட்கார்ந்ததுபோல இருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில், இடுப்பளவு மேடை மேல், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. இரண்டாயிரம் லிட்டர். மருந்து கலந்தாகிவிட்டது. தொட்டியிலிருந்து கொட்டகைக்குப் போகிற குழாயின் வால்வில் கை வைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியும் திருநீறுமாகக் கனகசபாபதி பத்து மணி ஆகட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்து நின்றார். பக்கத்தில் ஸ்ரீராம்குமார்.

மாரித்தாய் வணக்கம்கூடச் சொல்லவில்லை. தொட்டி மேடையின் விளிம்பில் டிபன் பாக்ஸை வைத்துத் திறந்தாள்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஸ்ரீராம்குமார் படித்தவன், அவனுக்குச் சட்டென்று புரிந்தது. முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ வடிந்துபோய், ஓரடி பின்னால் நகர்ந்தான். கனகசபாபதி நகரவில்லை. குனிந்தபடியே நெடுநேரம் பார்த்தார்.

“துடிக்குதே,” என்றார்.

“ரத்தம் இல்ல, ஒடம்பு இல்ல. பொணத்துக்கு ஊத்துற மருந்துக்குள்ள கெடந்து துடிக்குது. இது பொழப்பா அண்ணாச்சி?”

“போன சீசன்ல எட்டாயிரம் செத்துச்சு. அந்தா, அந்தப் பள்ளத்துலதான் என் கையாலயே மண்ணு தள்ளுனேன்.” கொட்டகைக்குப் பின்னால் எங்கேயோ கையைக் காட்டினார், பார்வையை டிபன் பாக்ஸிலிருந்து எடுக்காமல். “சாகாம இருந்தாப் போதும் தாயி. எப்படி இருந்தா என்ன.”

“சாகக்கூட வழியில்லாமப் பண்ணுறதுக்கு நீங்க யாரு?”

அவர் வால்வைத் திருகப் போனார். கொட்டகைக்குள் கத்தல் இன்னும் ஒரு சுருதி ஏறியது.

மாரித்தாய் ஸ்ரீராம்குமாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். சரி, இவர்கள் படிப்பும் பணமும் சேர்ந்து நிறுத்த முடியாததை நான் நிறுத்துகிறேன் என்று, குனிந்து ஒரு கருங்கல்லைத் தூக்கினாள். தொட்டியின் அடியில், கழுவிவிடுகிற துவாரத்துக்கு மரக்கட்டை ஒன்று அடித்திருந்தது. ஓங்கி ஒரே போடு. கட்டை தெறித்துக் கொட்டகைச் சுவரில் பட்டது. தண்ணீர் யானை தும்பிக்கை கனத்துக்கு, நீலமாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு பாய்ந்தது.

கனகசபாபதி இரண்டு கையாலும் துவாரத்தை அடைக்கப் பார்த்தார். மாரித்தாய் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஆம்பிளை, ஊருக்குப் பெரிய ஆள், முதலாளி. மூன்றையும் அந்த ஒரு பிடியில் மறந்தாள். தொட்டி கடகடவென்று காலியாயிற்று. கொட்டகைக்கு ஒரு சொட்டுப் போகவில்லை.

அவள் கைக்கு இது புதிதும் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் பொழுது சாய்ந்ததும் மிச்சமிருக்கிற வெடிமருந்தை வைத்திருக்கக் கூடாது. வைத்தால் ராத்திரியில் அதுவாகவே பிடித்துக்கொள்ளும். அதனால் வாளித் தண்ணீரில் கரைத்து, வெட்டவெளி மண்ணில் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மண்ணுக்குள் போய்விட்டால் எந்த மருந்தும் செத்தது. இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள் தவறாமல் அவள் ஊற்றியிருக்கிறாள். ஒரு நாளும் பிசகியதில்லை.

இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. “இப்பக் குடுங்க பாப்போம்,” என்றாள். “நல்ல தண்ணியக் குடுங்க. வாழுற வரைக்கும் வாழட்டும்.”

கனகசபாபதி திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. அவளைப் பார்க்கக்கூட இல்லை. தண்ணீர் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து விழுந்த தண்ணீர் வாய்க்காலாகச் சேர்ந்து, கொட்டகையின் சுவரை ஒட்டி ஓடி, மூலையில் திரும்பி, பின்பக்கச் சரிவில் இறங்கியிருந்தது. அங்கே, சுண்ணாம்பு தூவிய வெள்ளை நிலம், கல்யாணப் பந்தல் நீளத்துக்கு ஒரு பட்டை. அவர் கை காட்டிய பள்ளம். காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த அந்த மண், ஆடு தண்ணீர் குடிப்பதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு, நீலத்தை உறிஞ்சியது. கடைசிச் சொட்டு வரைக்கும்.

ஸ்ரீராம்குமார் அம்மா என்றானோ என்னவோ, பாதிதான் வெளியே வந்தது.

கொட்டகைக்குள் கத்தல் நின்றது. நாலாயிரமும். ஒரே நொடியில்.

மேடை மேல் பாக்ஸ்.

டொக்.

மண்ணுக்கு அடியிலிருந்தும்.

எட்டாயிரம். ஒரே அடி. உள்ளங்காலில் ஏறி, முழங்காலுக்கு வந்து, பல்லில் நின்றது. வெள்ளைப் பாளங்கள் மெல்ல மேலே வந்தன. இறங்கின. மூன்று மூச்சு இடைவெளி. மறுபடி வந்தன. இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாக. இறங்கினபோது கொஞ்சம் குறைவாக. சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து சரிந்தது.

இரண்டு ஆண்களும் ஓடுகிற சத்தம் கேட்டது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று விழுந்தது. மோட்டார் சைக்கிள் உறுமிப் போயிற்று.

மாரித்தாய் ஓடவில்லை. வெறுங்காலோடு அந்த வெள்ளையின் மேல் ஏறி, நடுவில் போய், இரண்டு பாதத்தையும் பலமாக ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“கெட,” என்றாள். “செத்தது செத்ததாக் கெட.”

மண் அவளைத் தூக்கியது.

ஒரு விரற்கடை. அவள் அழுத்தினாள். இன்னொரு விரற்கடை. அழுத்தினாள். உடம்பின் கனம் முழுவதையும், நாற்பத்தெட்டு வருஷத்துக் கனத்தையும் காலுக்கு இறக்கி அழுத்தினாள். கீழே ஏதோ நெரிந்தது. ஏதோ நகர்ந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது.

அவள் காலை எடுக்கவில்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், சுண்ணாம்பு ஒட்டிய, சதையில்லாத ஓர் அலகு மெல்ல வெளியே வந்து, திறந்தது, மூடியது, திறந்தது.